ஈமான் எனும் அமானிதம்

தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றங்கரையில், மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. அக்கோயிலின் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. மூடிய கதவின் முன்னேதான் விளக்கேற்றுகிறார்கள். மூடிய கதவின் முன்னேதான் கைகூப்பி நிற்கிறார்கள். நம் மார்க்கம் வேறு. நம் வணக்கம் வேறு. ஆயினும் அவ்வூரின் தெருக்களில் ஓடியாடி வளர்ந்த நமக்கு, சகோதர சமயத்தாரின் அந்த வழக்கம் சிறுவயதிலேயே ஒரு வினாவை நெஞ்சில் ஊன்றிவிட்டது. திறவாத கதவின் முன் மனிதன் எதற்காக நிற்கிறான்? எவ்வளவு நேரம் நிற்பான்?

சென்ற ஆண்டு அந்த வினா நம் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. நம் உறவில் ஒரு பெண்மணி. அவருக்கு ஒரே மகன், வயது பதினொன்று. காய்ச்சல் என்று தொடங்கிய நோய் ஐந்து மாதங்கள் நீடித்தது. தேனிக்கும் மதுரைக்குமாக அலைந்தார்கள். அந்தத் தாய் தஹஜ்ஜுத் தொழுகையை ஓர் இரவும் விட்டாரில்லை. தெருவே கூடி யாசீன் ஓதிற்று. ஆனாலும் பிள்ளை மௌத்தாகிவிட்டான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து வந்தவர்கள் கலைந்த பின், அவர் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, நான் கேட்டதெல்லாம் எங்கே போச்சு? கேட்கிறவனுக்குக் கேட்கலையா, நான் கேட்டதுதான் சரியில்லையா?"

பொறுமை கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வயிறு நிறைந்தவன் பசித்தவனிடம் நோன்பின் சிறப்பைப் போதித்தது போல் ஆகியிருக்கும்.

அந்நாட்களில்தான், முன்பு படித்திருந்த சில நாட்குறிப்புகளை மீண்டும் கையிலெடுத்தோம். இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஆட்சியில் வேட்டையாடப்பட்ட யூதர்கள், ஒளிந்திருந்த அறைகளிலும் அடைக்கப்பட்ட தெருக்களிலும் முகாம்களிலும் இருந்து எழுதிய குறிப்புகள் அவை. 1942இல் தம் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கிடைத்த ஏட்டில் எழுதத் தொடங்கிய ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அவரைப்போல் எழுதியோர் வேறு பலர் உண்டு. கேட்ட துஆக்கள் எவையும் கண்ணுக்குத் தெரியும்படி நிறைவேறாத நிலையில், இறைவனோடு அவர்கள் கொண்ட உறவு என்னவாயிற்று? இதை அறியவே மீண்டும் படித்தோம்.

பெரியவரின் ஆட்சேபம்

வியாழக்கிழமை இரவுகளில் இஷாவுக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் சிலர் கூடிப் படிப்பது வழக்கம். இந்த நாட்குறிப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தபோது, நாம் பெரியத்தா என்றழைக்கும் முதியவர் ஒருவர் கையமர்த்தினார். "யூதன் பட்ட பாட்டை நாம எதுக்குத் தம்பி படிக்கணும்? காஸாவிலே பச்சைப் பிள்ளைகள் சாகிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றார்.

அவருடைய சினத்தில் நியாயம் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவில் பல்லாயிரம் உயிர்கள் மாய்ந்தன. அதைக் கண்டு நோகாத நெஞ்சம் நெஞ்சமன்று. ஆயினும் அந்த நோவு நம்மை எங்கே கொண்டு நிறுத்த வேண்டும் என்பதற்கு நமக்கு முன்மாதிரி உண்டு. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது ஆயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் ஆன்மாதானே என்ற கருத்துப்படக் கேட்டார்கள். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை உங்களை நீதியினின்று பிறழச் செய்துவிட வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை. 1943இல் மடிந்த ஒரு பெண், பிற்காலத்தில் ஓர் அரசு செய்த செயலுக்குப் பொறுப்பாளி ஆவாளா? அவளுடைய கண்ணீரை மதிப்பதால் காஸாவின் தாய்மாருடைய கண்ணீர் மதிப்புக் குறைந்துவிடுமா?

மேலும் யூத சமுதாயம் நம் மண்ணுக்கு அந்நியமன்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலை ஏறி மேற்கே இறங்கினால் மலையாளக் கரை. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சிறப்புரிமைகள் வழங்கிய செப்பேடு அங்கே உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் வழிபாட்டு இல்லத்தை 1662இல் போர்த்துக்கீசியர் சேதப்படுத்தினர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் அது செப்பனிடப்பட்டது. கொச்சியில் யூதருக்கு நிழலாயிருந்த அதே டச்சுக்காரரின் தாயகத்தில்தான், 1940 மே மாதம் ஜெர்மானியப் படை புகுந்தபின், சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அழிக்கப்பட்டனர். நாம் சொல்ல வந்த பெண்மணி அவர்களுள் ஒருவர்.

நார் விரிப்பில் முழந்தாள்

அவர் பெயர் எட்டி ஹில்லசம். ஹாலந்தின் மிடில்பர்க் நகரில் 1914 ஜனவரி 15 அன்று பிறந்தவர். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மகள். ஆம்ஸ்டர்டாமில் சட்டம் பயின்றவர். சமய ஒழுக்கங்களைப் பேணி வளர்ந்த வீடல்ல அவருடையது. 1941 மார்ச்சில், தம் இருபத்தேழாம் வயதில், மனக் குழப்பங்களைத் தெளிவித்துக்கொள்ளவே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். முதல் ஏடுகளில் காதலும் கலக்கமும் தலைவலியும் படிப்பும்தாம் நிறைந்திருக்கின்றன.

அவர் எழுத எழுத, வெளியே உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. யூதர்கள் பூங்காவில் அமரக்கூடாது, டிராமில் ஏறக்கூடாது, சைக்கிள் வைத்திருக்கக்கூடாது எனத் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1942 மே மாதம் முதல் மஞ்சள் நட்சத்திரத்தை உடையில் தைத்துக்கொண்டே தெருவில் நடக்க வேண்டும் என்றாயிற்று. வெளியுலகம் சுருங்கச் சுருங்க அவருடைய உள்ளுலகம் விரிந்ததை அந்த ஏடுகளில் காண்கிறோம். ஒருநாள் தம்மையறியாமலே முழந்தாளிட்டார். யூதர்களின் அன்றாட வழிபாட்டில் அவ்வழக்கம் இல்லை. அதனால் அவருக்கே கூச்சமாயிருந்தது. குளியலறையில் கிடந்த முரட்டுத் தேங்காய்நார் விரிப்பின் மீது, ஒருவரும் பாராதபடி அவர் முழந்தாளிட்டு வணங்கினார். தென்னந்தோப்புகளின் நடுவே வாழும் நமக்கு அந்த நார் விரிப்பின் உறுத்தல் தெரியும். அதில் பதிந்த முழங்காலில் தழும்பு கிடந்து வெகுநேரம் மறையாது.

1942 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. நாடு கடத்தும் ரயில்கள் ஓடத் தொடங்கவிருந்த நாட்கள். அன்று காலை அவர் எழுதிய பிரார்த்தனையில் தன்னைக் காப்பாற்று என்ற வேண்டுதல் இல்லை. இறைவா, இப்போது உன்னால் எங்களுக்கு உதவ முடியவில்லை போலும். நாங்கள்தாம் உனக்கு உதவ வேண்டும். எங்களுக்குள் இருக்கும் உன் சிறு பங்கைக் காத்துவைப்பதொன்றே எங்களால் ஆகக்கூடியது என்ற பொருளில் அவர் எழுதினார். அதற்காக இறைவனை அவர் குற்றம் சாட்டவுமில்லை.

இவ்விடத்தில் நாம் திகைத்து நின்றுவிட்டோம். இறைவனுக்கு மனிதன் உதவுவதா? அல்லாஹ் எவருடைய தேவையும் அற்றவன். அனைவரும் அவனிடமே தேவையுடையோர். இது நம் கலிமாவின் உயிர். ஆகவே அப்பெண்மணியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து ஏற்க நம்மால் இயலாது. அவர் கண்டதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் அது. அவர் கண்டது என்ன என்று பார்ப்பதே நம் கடமை.

வாணிபமும் அமானிதமும்

நம்மூரில் ஒரு பழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் நகையையும் நிலப் பத்திரத்தையும் நம்பிக்கையான வீட்டில் அமானிதமாக ஒப்படைத்துச் செல்வார். வைத்திருப்பவர் அதற்கு வாடகை கேட்பதில்லை. அதை எடுத்துச் செலவு செய்வதுமில்லை. வீடு தீப்பற்றினால் தம் பொருளை விட்டுவிட்டு அமானிதத்தைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவார். தீ வந்துவிட்டது, ஆகவே ஒப்பந்தம் முறிந்தது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அமானிதத்தின் அருமை தெரிவதே தீப்பிடிக்கும்போதுதான்.

வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சி மறுத்த ஓர் அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் என்று திருமறை கூறுகிறது. ஹதீது குத்ஸி ஒன்றோ, மறுமையில் இறைவன் மனிதனை நோக்கி, நான் நோயுற்றேன், நீ வந்து பார்க்கவில்லையே, நான் பசித்தேன், நீ உணவளிக்கவில்லையே எனக் கேட்பான் என்கிறது. உலகங்களின் இரட்சகனாகிய நீ எப்படி நோயுறுவாய் என்று மனிதன் திகைப்பான். என் அடியான் ஒருவன் நோயுற்றுக் கிடந்தான், அவனிடம் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்று விடை வரும். ஆம்ஸ்டர்டாம் பெண்மணி இந்த ஹதீதை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் தடுமாறித் தேடிய பொருள் இதுவே என்று நமக்குப் படுகிறது.

ஈமானில் இருவகை உண்டு எனலாம். ஒன்று வாணிப ஈமான். நான் தொழுகிறேன், நீ காப்பாற்று. நான் தருமம் செய்கிறேன், நீ தொழிலை வளமாக்கு என்பது அதன் பேரம். ஏலக்காய் விலை ஏறும்போது அது செழிக்கும், விழும்போது வாடும். மற்றொன்று அமானித ஈமான். அது கணக்குக் கேட்பதில்லை. என்னிடம் ஒப்படைக்கப்பட்டதை நான் பாழாக்கிவிடக்கூடாதே என்ற ஒரே கவலைதான் அதற்கு. கேட்பது பாவமல்ல, கேட்கச் சொன்னவனே இறைவன். ஆனால் கேட்டது கிடைக்காத அன்றும் நம் கையில் எஞ்சுவது எது என்பதுதான் சோதனை.

மக்காவைத் துறந்த இரவை எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகத்தைக் கொல்லத் துடித்த அதே மக்காவாசிகளின் பொருட்கள் அவர்களிடம்தான் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். துரத்துகிறவனின் கொடுமை, துரத்தப்படுகிறவரின் கடமையை ரத்து செய்துவிடவில்லை.

எட்டி ஹில்லசம் காத்துவைக்க முயன்ற அமானிதத்தில் முதன்மையானது, வெறுப்புக்கு இடங்கொடாமை. ஜெர்மானியருள் நல்லவர் ஒருவரே இருந்தாலும், அந்த ஒருவர் பொருட்டு அவ்வினத்தார் முழுவதையும் வெறுப்பது நீதியாகாது என்ற கருத்தை அவர் எழுதிவைத்தார். எழுதிய இடத்தை நினையுங்கள். எழுதிய ஆண்டை நினையுங்கள். திண்ணையில் இதைச் சொன்னபோது பெரியத்தா தலைகுனிந்து வெகுநேரம் பேசாதிருந்தார்.

1942இல் யூத மன்றத்தில் கிடைத்த அலுவலக வேலையில் நீடிக்க மனமின்றி, வெஸ்டர்பர்க் முகாமுக்குத் தாமாகவே கேட்டுச் சென்றார். நாடு கடத்தப்படுவோரை அடைத்துவைத்த இடம் அது. வாரந்தோறும் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையன்று அங்கிருந்து கிழக்கே ரயில் புறப்படும். நோயாளிக் கொட்டகைகளில் கிழவர்களுக்கும் கைக்குழந்தைத் தாய்மாருக்கும் துணையாயிருந்தார். நண்பர்கள் தலைமறைவாக இடம் தேடித் தந்தும் மறுத்துவிட்டார். இம்மறுப்பை நாம் சட்டமாக்கிவிடக்கூடாது. ஒளிந்து உயிர் காப்பது ஈமானின் குறைவு அன்று. தௌர் குகை அதற்குச் சாட்சி. தம் சமுதாயத்தாரின் விதியில் பங்குகொள்வதே தமக்கு இடப்பட்ட பணி என்று அவர் முடிவு செய்தார், அவ்வளவே.

1943 செப்டம்பர் 7, செவ்வாய்க்கிழமை, தாய் தந்தையரோடும் ஒரு தம்பியோடும் அவர் ரயிலேற்றப்பட்டார். ஓடும் ரயிலிலிருந்து அவர் வீசிய அஞ்சலட்டையை உழவர்கள் கண்டெடுத்து அஞ்சலில் சேர்த்தனர். பாடிக்கொண்டே முகாமிலிருந்து புறப்பட்டோம் என்ற செய்தி அதில் இருந்தது. 1943 நவம்பர் 30 அன்று ஆஷ்விட்சில் மாண்டார் என்பது பதிவு. அவருடைய ஏடுகளை வெளியிடப் பதிப்பகங்கள் பல ஆண்டுகள் முன்வரவில்லை. 1981இல்தான் அவை நூலாயின.

அரபு படித்த சிறுவன்

மோஷே ஃபிளிங்கர் வேறு விதம். ஹாலந்தின் ஹேக் நகரில் 1926இல் பிறந்து, சமயப்பற்று மிக்க வீட்டில் வளர்ந்தவன். 1942இல் குடும்பத்தோடு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகருக்குத் தப்பி, யூதரென்று காட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தான். அவ்வாண்டு நவம்பரில், பதினாறு வயதில், ஹீப்ரு மொழியில் நாட்குறிப்பைத் தொடங்கினான். இத்துன்பத்தால் இறைவன் நாடுவது என்ன, அவன் ஏன் தடுக்கவில்லை என்ற வினாவே பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. தொழும்போது உள்ளம் வெறுமையாகக் கிடப்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறான். ஆயினும் தொழுகையை விடவில்லை.

அந்த மறைவு வாழ்விலும் அவன் அரபு மொழி பயின்றான். எதிர்காலத்தில் அரபு மக்களோடு சேர்ந்து வாழ வேண்டியிருக்கும், அவர்கள் இப்ராஹீமின் வழித்தோன்றல்களாகிய உறவினர் அல்லவா என்பது அவன் எண்ணம். இதைக் கேட்டதும் பெரியத்தா நிமிர்ந்தார். "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்றார். 1944இல் யூதர்களின் பாஸ்கா பண்டிகைத் தறுவாயில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானான் என்றோம்; ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டவன் திரும்பவில்லை என்றோம். "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார்.

கேட்டு நின்றவனுக்குப் பதில் கிடைத்ததா என்றால், ஏட்டில் இல்லை. ஆனால் பதில் வராதபோதும் வினாவை இறைவனிடமே கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறெங்கும் கேட்கவில்லை. மகனை இழந்த யாகூப் நபி (அலை) அவர்களின் பொறுமை அழகியது என்று நாம் ஓதுகிறோம். அவர்கள் அழவில்லையா? கண்கள் வெளுத்துப்போகுமளவு அழுதார்கள். தம் துயரத்தை இறைவனிடமே முறையிட்டார்கள். அழுவதும் முறையிடுவதும் ஈமானுக்கு எதிரல்ல.

அணைந்த விளக்குகள்

எல்லாரும் இப்படியே இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். வார்சா நகரில் 1939 செப்டம்பர் 1 முதல் 1942 ஆகஸ்ட் 4 வரை நாட்குறிப்பு எழுதிய ஹீப்ரு ஆசிரியர் சைம் கப்லானின் பக்கங்களில் கோபமும் ஐயமும் கொதிக்கின்றன. கடைசி நாளில் அவருடைய கவலை தம் உயிரைப் பற்றியதன்று. தம் ஏடுகள் என்னவாகும் என்பதே. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் அவை பிழைத்தன. அதே நகரின் சமய குரு கலோனிமஸ் ஷபீரா, போரின் முதல் மாதத்திலேயே மகனைப் பறிகொடுத்தவர். 1942 ஜூலை வரை ஓய்வுநாள் தோறும் மக்களுக்கு உரை நிகழ்த்தி எழுதிவைத்தார். இத்தகைய துன்பங்கள் முன்பும் நம் முன்னோர்க்கு நேர்ந்தவைதாமே என்று தொடக்கத்தில் ஆறுதல் கூறியவர், 1942 இறுதியில், இதுபோல் என்றும் நேர்ந்ததில்லை என்று தம் ஏட்டிலேயே திருத்தி எழுதினார். சீடர்களுக்குச் சொன்ன ஆறுதல் தவறென்று கண்டதும் அதை ஒப்புக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும்! பால் கேனில் புதைத்த அந்த உரைகள் 1950இல் இடிபாடுகளின் கீழிருந்து கிடைத்தன. அவர் 1943 நவம்பரில் கொல்லப்பட்டார்.

இறைநம்பிக்கையையே இழந்தோரும் பலர். அவர்களைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. தீக்குள் நின்றவன் எதைப் போட்டுவிட்டு ஓடினான் என்று வெளியே நிற்பவன் கணக்கெடுக்கக்கூடாது. துன்பம் நல்லது, அது ஈமானை வளர்க்கும் என்று சொல்வதும் கொடுமையே. துன்பம் பலரை நொறுக்கிற்று. நொறுங்காமல் சிலர் நின்றதற்குப் புகழ் துன்பத்துக்கு உரியதன்று.

இவ்வினா எங்கோ ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதும் அன்று. 1990 ஆகஸ்ட் 3 அன்று இலங்கையின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டனர். தொழுகையில் நின்றவர்கள் ஏன் காக்கப்படவில்லை என்ற வினா அவர்களின் பிள்ளைகளுடைய நெஞ்சிலும் இருக்கும். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களில் அத்தகைய அனுபவங்கள் எழுதப்பட வேண்டும். எழுதியவை பெட்டியடியில் செல்லரிக்க விடப்படாமல் பேணப்பட வேண்டும். அதுவும் ஓர் அமானிதமே.

சில வாரங்கள் கழித்து அந்தத் தாயைக் கண்டோம். நார் விரிப்பில் முழந்தாளிட்ட பெண்ணைப் பற்றியும், வெறுமையோடு தொழுத சிறுவனைப் பற்றியும் நமக்குத் தெரிந்தவரை சொன்னோம். ஆறுதலாக அல்ல, அவருடைய வினாவைக் கேட்டவர்கள் வேறு சிலரும் உண்டு என்பதற்காக. அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "கேட்கிறதை இப்போ நிறுத்திட்டேன் அண்ணே. நிற்கிறதை மட்டும் நிறுத்தலை."

நாம் எதுவும் திருத்தவில்லை. கேட்கும் சொற்கள் அவருக்குத் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் பின்னிரவில் எழுந்து, ஒளுச் செய்து, மகனில்லாத வீட்டில் கிப்லாவை நோக்கி அவர் நிற்கிறாரே, அந்த நிலையில் ஈமானின் பெரும்பகுதி இருக்கிறது என்று எண்ணுகிறோம். பிறர் தீயில் நிற்கும்போது உபதேசம் செய்யாமல் அருகே நிற்கும் உள்ளத்தையும், நம் முறை வரும்போது ஒப்படைக்கப்பட்டதைக் கைவிடாத உறுதியையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக!